கார் ஷெட் தூணின் விரிசல்

வீட்டுக்காரர் கார் ஷெட்டுக்கு மேலே ஓர் அறை கட்டப் போகிறார் என்று கேட்டதும் தூண் பதறியது. அதன் இடுப்பில் ஒரு விரிசல் இருந்தது. பொங்கலுக்காகப் பூசிய சிமென்ட் பூச்சு அதை மூடியிருந்தது.

"தம்பி, இன்ஜினியர் வர்றார். கொஞ்சம் உதிர்ந்து விரிசலைக் காட்டுடா" என்றது தூண், பூச்சிடம்.

"போங்கண்ணே! பெயிண்ட் அடிச்சு மூணு நாள்கூட ஆகலை. என் அழகு என்னாகிறது?" என்றது பூச்சு.

இன்ஜினியர் வந்து தட்டிப் பார்த்தார். பூச்சு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"தூண் ஜம்முனு இருக்கு, கட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மேலே சுவர் எழுந்தது. கான்கிரீட் கொட்டிய அன்று தூணுக்குள் ஏதோ நெரிந்தது.

பூச்சு அலறியது. "அண்ணே, என்ன சத்தம் அது? என்னை விட்டுடாதீங்க!"

"நான் எங்கடா விடுறது?" என்றது தூண். "இனி நீதான் என்னைப் பிடிச்சுக்கணும்."