முப்பது வினாடி மௌனம்

வீட்டில் அடிபடும் பெண்களுக்கான உதவி மையம் அது. அழைத்தவர் வைக்கும்வரை நாம் வைக்கக் கூடாது என்பதுதான் அங்கே முதல் விதி. ஆனாலும் ஒருத்தியின் அழைப்பு ஒன்பது முறை அறுந்திருந்தது. அவள் பேசமாட்டாள். மூச்சு மட்டும் கேட்கும்.

"பேச வேண்டாம்மா, லைன்ல இருங்க, போதும்" என்பாள் அங்கே அழைப்புகளை எடுக்கும் வசுமதி. சற்று நேரத்தில் அறுந்துவிடும்.

"அவங்களே வெச்சிடுறாங்களா சார்?" என்று மையத்தின் தொலைபேசி மென்பொருளை எழுதிய ஆரோக்கியராஜிடம் கேட்டாள்.

அவர் பதிவுகளைத் திறந்தார். ஒன்பதும் சரியாக முப்பது வினாடி. சி என்ற கணினி மொழியில் அவர் எழுதிய டைமர் நொடிக்கொரு முறை விழித்து, மறுமுனையில் பேச்சு இருக்கிறதா என்று பார்க்கும். தொடர்ந்து முப்பது முறை இல்லையென்றால் அழைப்பைத் துண்டித்துவிடும். மூச்சை அது இரைச்சலென்று தள்ளியிருந்தது.

"அவங்க வைக்கல. நாமதான் வெச்சிருக்கோம்."

டைமரை நீக்கி, மென்பொருளை மறுபடி ஓடவிட்டார். அதே எண்ணிலிருந்து பத்தாவது அழைப்பு வந்தது. வசுமதி பாய்ந்து எடுத்தாள்.

"இருக்கேம்மா. இனிமே கட் ஆகாது."

"இந்த நம்பருக்கு ஒம்போது தடவ கூப்பிட்டிருக்கா" என்றது ஓர் ஆண்குரல். "என்ன சொன்னா?"

வசுமதி பேசவில்லை. அவனும் பேசவில்லை. முப்பது வினாடி கடந்தது. இணைப்பு அறுபடவில்லை.