கோழி கொடுத்த நீச்சல் பயிற்சி

ஏரி வாத்துகளின் நீச்சல் குழுவுக்குச் செங்கமலம் என்ற கோழி பயிற்சியாளராக வந்தது.

"காலை நனைக்கவே பயப்படுறவ நீச்சல் சொல்லித் தரப் போறாளாம்!" என்று எதிரணி நீர்க்காகங்கள் சிரித்தன. நான்கு வருடமாகக் கோப்பை அவற்றிடம்தான் இருந்தது. இந்த முறையும் தோற்றால் குழுவையே கலைத்துவிடுவதென்று வாத்துகள் முடிவு செய்திருந்தன.

செங்கமலம் தினமும் விடியற்காலையில், நீந்தும் வாத்துகளுக்கு இணையாகக் கரையில் ஓடிக்கொண்டே கவனித்தது. மூன்றாம் நாள், எப்போதும் கடைசியாக வரும் அல்லியை நிறுத்தியது.

"உன் இடது கால் சும்மாதான் வருதுடி."

"இல்லையே அக்கா, ரெண்டு காலாலயும்தானே தள்ளுறேன்?"

"தண்ணிக்குள்ள இருக்கிற உனக்குத் தெரியாது. வலது காலை மடக்கிக்கிட்டு இருபது தடவை போயிட்டு வா."

அன்று அல்லி ஒரே இடத்தில் வட்டமடித்து அழுதது. ஒரு மாதத்தில் அந்த ஒற்றைக் காலாலேயே நேராகப் போனது.

போட்டியில் அல்லி ஒரு கழுத்து வித்தியாசத்தில் நீர்க்காகங்களை முந்தி வென்றது. வாத்துகள் கூச்சலிட்டபடி செங்கமலத்தை முதுகில் ஏற்றிக்கொண்டு ஏரியை வலம் வந்தன. பயத்தில் கண்களை இறுக மூடியிருந்த செங்கமலம் கத்தியது:

"வலப்பக்கம் யாருடி அது? காலை முழுசா நீட்டித் தள்ளு!"