கடைசிச் சுற்றில் வைரவன்

"லெஃப்ட் விங்குல வைரவனா? காத்தடிச்சா வுயுந்துடுவான் பாய் அவன்" என்றார் செம்பியன்.

எண்ணெய்ச் சட்டியில் போடப்போன மீனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார் தேவானை அக்கா.

நொச்சிக்குப்பத்தில் சாலையோரமாக இருக்கிறது அவருடைய வறுவல் கடை. அதன் முன்னால் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம்.

மறுநாள் கால்பந்து லீக்கின் டிராஃப்ட். ஒவ்வொரு கிளப்பும் முறை வைத்து, சுற்றுக்கு ஒருவராக ஆட்டக்காரர்களை எடுக்கும். முதல் நாள் மாலையே இந்தக் கடையில் ரசிகர்கள் தங்களுக்குள் ஒரு டிராஃப்ட் நடத்திக்கொள்வார்கள். ஆளுக்கு ஒரு கிளப்.

எனக்கு இது முதல் தடவை. லீக் மைதானத்தில் பழக்கமான அப்துல் சமத் பாய் கூப்பிட்டிருந்தார். மயிலாப்பூரில் என் டேலி வகுப்பு தொடங்க இன்னும் நேரம் இருந்தது. பையிலிருந்த கணக்குப் புத்தகத்தைப் பார்த்ததுமே செம்பியன் எனக்குக் கணக்கு மேடம் என்று பெயர் வைத்துவிட்டார்.

முதல் சுற்றுகளில் சண்டையே இல்லை. பெரிய பெயர்களை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். யார் கண்ணிலும் படாத பையன்களுக்கானது கடைசிச் சுற்று. அங்கேதான் ரசிகன் யாரென்று தெரியும் என்று சமத் பாய் சொல்லியிருந்தார்.

அந்தச் சுற்றில்தான் வைரவன் பெயர் வந்தது.

"அவன் லெஃப்ட் காலு கத்தி மாரி" என்றார் சமத் பாய்.

"ஒத்தக் காலை வெச்சிக்கினு நொண்டியாட்டம்தான் ஆடலாம்" என்றார் செம்பியன். "பாஸும் குடுக்க மாட்டான். பந்தோட ஓடினான்னா, எத்தினி தபா கூப்ட்டாலும் திரும்ப மாட்டான்."

நான் குழம்பிப்போனேன். இந்த சீசனில் அநேகமாக எல்லா ஆட்டங்களையும் பார்த்திருந்தேன். வைரவனைப் பார்த்ததாக நினைவில்லை.

முதலில் என்னைத்தான் சந்தேகப்பட்டேன். மாற்று ஆட்டக்காரராக வந்திருப்பாரோ? வேறு யாரோ என்று நினைத்துவிட்டேனோ? ஒவ்வொரு அணியின் இடது பக்கத்தையும் மனதுக்குள் வரிசையாக ஓட்டிப் பார்த்தேன். இல்லை.

"இந்த சீசன்ல அவர் எந்த டீமுக்கு ஆடினார்?" என்று கேட்டேன்.

செம்பியன் மடியிலிருந்த தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அதிலிருந்த சங்கரா மீனை அவர் இன்னும் தொடவே இல்லை.

"தண்ணி புடிச்சினு வரலாம், வா மேடம்." பாட்டிலை எடுத்துக்கொண்டு சமத் பாய் எழுந்தார்.

கரையேற்றி வைத்திருந்த ஒரு படகின் மறைவில் நிறுத்தி, தாழ்ந்த குரலில் சொன்னார். வைரவன் தேவானை அக்காவின் மகன். ஒரு கிளப் அவனைத் தேர்வுக்கு வரச் சொல்லியிருந்தது. அதற்கு முன்னால் ஒருநாள் கடலுக்குப் போனான். படகு கவிழ்ந்தது. போன இரண்டு பேரில் ஒருவர் கரைக்கு வந்தார். வைரவனின் உடல்கூட வரவில்லை.

"நாலு வருசமா அவனுக்குப் பத்தொம்போது வயசுதான் மேடம். வருசா வருசம் கடைசி ரவுண்டுல யாராச்சும் ஒருத்தர் எடுத்துடுவோம். அக்கா காதுல அந்தப் பேரு வுயணும்."

"அப்புறம் செம்பியன் அண்ணன் ஏன் அப்படித் திட்டுறார்?"

"நல்லவன் நல்லவன்னா செத்தவன்னு ஆயிடும். திட்டினாத்தான் உயிரோட கீற மாரி."

திரும்பி வந்தோம். வைரவனை இன்னும் யாரும் எடுத்திருக்கவில்லை; கடைசி முறை என்னுடையது. மாம்பலத்து கோல்கீப்பர் ஒருவனை எடுக்கலாம் என்று வீட்டிலிருந்தே யோசித்து வைத்திருந்தேன். நான் கெடுத்ததை என்னாலேயே சரிசெய்ய முடியுமா என்று தெரியவில்லை.

"வைரவன்" என்றேன். மறுபடியும் சத்தமாகச் சொன்னேன். "லெஃப்ட் விங், வைரவன்."

"போச்சு! உன் கிளப்பு கடைசி எடம்தான் மேடம்" என்றார் செம்பியன்.

"ஏன்? இந்த வருஷம் தலையாலகூட கோல் போடுறார்."

பொய். ஆனால் சமத் பாய் சிரித்தார். தேவானை அக்கா கையிலிருந்த மீன் எண்ணெயில் விழுந்தது. செம்பியன் ஆறிப்போன மீனைப் பிய்த்து வாயில் போட்டார். வெகுநேரம் பசியோடு இருந்தவரைப் போல முள்ளோடு மென்றார்.

நான் கை கழுவப் போனபோது அக்காவே தண்ணீர் ஊற்றினார்.

"எம்புள்ளைக்குத் தலையால ஆட வராது கண்ணு. முடி கலைஞ்சிடும்னு குனிஞ்சிக்குவான்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. "மன்னிச்சிடுங்கக்கா. உங்களுக்காகத்தான்..."

"எனக்கா?"

தண்ணீர் நின்றது. அக்கா என் தோளுக்கு அப்பால் செம்பியனைப் பார்த்தார்.

"அன்னிக்கு நீந்தி வந்தது அவன்தான். நீ அந்தப் பேரைச் சொல்ற வரைக்கும் ஒரு வாய் துன்னானா, பாத்தியா?"

சட்டியிலிருந்து சூடான மீன் ஒன்றை எடுத்துக்கொண்டுபோய்ச் செம்பியனின் தட்டில் வைத்தார்.

"எம்புள்ளை மேல இன்னாடா கொறை உனக்கு?" குரலை உயர்த்தி, சண்டைக்கு நிற்பவரைப் போலக் கேட்டார்.

செம்பியன் நிமிராமல் மென்றுகொண்டே சொன்னார்.

"வேற இன்னாக்கா. எத்தினி தபா கூப்ட்டாலும் திரும்ப மாட்டான்."