உங்கள் கையாலேயே

"இந்த ஒரு வரிசை டைல்ஸ் மட்டும் ஏன் மேடம் கோணலா இருக்கு?"

கேட்டவர் மூலை மன்னன். வீட்டு மூலைகளை அழகுபடுத்துவது எப்படி என்று வலைப்பூவில் எழுதியே பட்டம் வாங்கியவர். கூட வந்திருந்தவர் அடுக்களை அக்கா. அக்காவின் வலைப்பூவை லட்சம் பேர் படிக்கிறார்கள். அக்கா வீட்டு அடுப்பு எரிந்து பார்த்தவர்கள்தான் யாரும் இல்லை. 'உங்கள் சமையலறை, உங்கள் கையாலேயே' என்று ஒரு கிச்சன் நிறுவனம் நடத்தும் குறைந்த செலவுப் போட்டிக்கு இந்த இரண்டு மேதைகளும்தான் நடுவர்கள். கடைசிச் சுற்றுக்கு வந்த மூன்று வீடுகளில் இது மூன்றாவது.

"ஒட்டத் தெரியாம ஒட்டினது. கோணலாத்தான் இருக்கும்" என்றாள் வீட்டுக்காரி.

பக்கத்தில் நின்ற கணவனுக்குப் பகீரென்றது. அவளிடம் சொல்லாமல் போட்டிக்கு விண்ணப்பம் போட்டவன் அவன்தான்.

"சார், அவ நூல் பிடிச்சு நேராத்தான் ஒட்டினா. அந்த ஒரு வரிசை மட்டும் நான் ஒட்டினது" என்று அவசரமாகச் சரணடைந்தான்.

எட்டு மாத ஞாயிற்றுக்கிழமைகளை இந்த அறை விழுங்கியிருந்தது. பழைய பீரோவை அறுத்து அலமாரிக் கதவு செய்திருந்தாள். கடையில் கழித்துப் போட்ட டைல்ஸை வாங்கிச் சுவரில் ஒட்டியிருந்தாள். துளை போடும் மெஷின் சத்தத்துக்கே காதைப் பொத்திக்கொண்டவள், அதைக் கையில் பிடித்துச் சுவரைக் குடைந்தாள். அலமாரி எல்லாம் அவள் கை எட்டுகிற உயரத்தில். கல்யாணமான நாளிலிருந்து முக்காலி போட்டு ஏறி டப்பா எடுத்தவள், இப்போதுதான் நின்ற இடத்தில் நின்று சமைக்கிறாள். சுத்தியல் பட்டுக் கறுத்த கட்டைவிரல் நகம் இன்னும் முழுசாக முளைக்கவில்லை. இந்த அறை என்றால் அவளுக்கு உயிர்.

அப்படிப்பட்டவள் இன்றைக்கு ஏன் இப்படிப் பேசுகிறாள்? நேற்று சாயங்காலம் அவன் விஷயத்தை உடைத்து, விண்ணப்பத்தின் நகலைக் கையில் கொடுத்ததிலிருந்தே அவள் முகம் சரியில்லை. காலையில் பாத்திரங்களைக் கழுவாமல் வேறு குவித்து வைத்திருக்கிறாள். ஒரு கரண்டி அழுக்காகக் கிடந்தால் தூக்கம் வராத ஆள்!

"இந்த டிசைனுக்கு உங்களுக்கு எது தூண்டுதல்?" அக்கா குரலில் தேன் வடிந்தது.

"கையில காசு இல்லாததுதான்."

"ஆகா!" அக்கா குறித்துக்கொண்டார்.

"இந்த டிராயர் திறக்கவே மாட்டேங்குதே?" என்றார் மன்னன்.

"கையால திறக்காது. ஒரு உதை விடணும்." விட்டாள். திறந்தது.

வலிய வந்த சீதேவியை எட்டி உதைக்கிறாளே என்று கணவன் தலையில் கை வைத்தான்.

அடுத்து டீ வந்தது. ஒரு வாய் குடித்ததுமே அவனுக்குக் கண் பிதுங்கியது. சர்க்கரைக்குப் பதில் உப்பு! மன்னன் கண்ணை மூடி, ருசித்துக் குடித்து, "வித்தியாசமா இருக்கு" என்றார். தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாதவர்.

கணவன் அவளை வாசல் பக்கம் இழுத்தான். "உனக்கு என்னடி ஆச்சு? எட்டு மாசம் மாடா உழைச்சே. பரிசு கைக்கு எட்டுற தூரத்துல இருக்கு. வாயைக் கொஞ்சம் மூடிட்டு இரேன்!"

"எனக்கு ஒரு பரிசும் வேணாம். என் அடுக்களை எனக்குப் போதும்" என்றவள், விடுவிடுவென்று உள்ளே போய் அக்கா முன்னால் நின்றாள்.

"உங்க வலைப்பூவைப் படிச்சுத்தான் முதல்ல பெயிண்ட் அடிச்சேன். ஒரே மாசத்துல உரிஞ்சு விழுந்துச்சு. அப்புறம் என் புத்திக்குத் தோணின மாதிரி அடிச்சேன். இப்ப நிக்குது பாருங்க!"

அக்காவின் முகம் கறுத்தது. நடுவர்கள் இருவரும் கூடத்துக்குப் போய்க் குசுகுசுத்தார்கள். போச்சு, எல்லாம் போச்சு என்று கணவன் சுவரில் சாய்ந்தான். அவளோ அன்றைக்கு முதல் முறையாக நிம்மதியாக மூச்சு விட்டாள்.

ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தார்கள். மன்னன் போனில் வீடியோ எடுக்க ஆரம்பித்தார். அக்கா முகத்தில் நூறு பல்பு எரிந்தது.

"மத்த ரெண்டு வீட்டுலயும் எங்க கால்ல விழாத குறைதான். இங்க மட்டும்தான் நடிப்பே இல்ல! கோணல் டைல்ஸ், அழுக்குப் பாத்திரம், மூஞ்சியில அடிச்ச மாதிரி பேச்சு, எல்லாமே நிஜம்! முதல் பரிசு இந்த மேடத்துக்குத்தான்!"

கணவன் குழந்தை மாதிரி குதித்தான். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

"ஆனந்தக் கண்ணீர்!" என்று மன்னன் போனைக் கிட்டத்தில் கொண்டுபோனார்.

"அட, ஜெயிச்சுட்டோம்மா! எதுக்கு அழறே?" என்று கணவன் குனிந்தான்.

இடுப்பில் செருகியிருந்த நகலை எடுத்து அவன் கையில் திணித்தாள். "கையெழுத்துப் போட்டீங்களே, பின்பக்கத்தைத் திருப்பிப் பாத்தீங்களா?"

திருப்பினான். பொடி எழுத்தில் இருந்தது: 'முதல் பரிசு: எங்கள் நிறுவனத்தின் புத்தம் புது மாடுலர் கிச்சன். இப்போதுள்ள சமையலறை முழுவதும் இடித்து அகற்றப்படும். விண்ணப்பித்தவர் இடையில் விலகவோ, வெற்றி பெற்றவர் மறுக்கவோ இயலாது.'

"நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு ஆளுங்க வந்துடுவாங்க" என்ற அக்கா, அலமாரியில் இருந்த அவளுடைய சுத்தியலையே எடுத்து அவள் கையில் கொடுத்து, கேமராவைப் பார்த்துச் சிரித்தார். "முதல் அடியை நீங்களே அடிச்சு ஆரம்பிச்சு வைங்க மேடம். உங்கள் கையாலேயே!"