ஓடிக்கொண்டிருந்த வண்டி

“இந்த வருசமாவது முடிப்பீங்களா, இல்ல மறுபடியும் செத்த வண்டியத்தான் டெம்போவுல ஏத்திகினு வருவீங்களா?”

ஆவடியில், தம் வீட்டை ஒட்டிய கொட்டகையின் வாசலில் நின்று கேட்டார் மனோகரன். கனரக வாகனத் தொழிற்சாலை ஊழியர். அவருடைய மகள் ரோஷினியும், அவளுடைய நண்பர்கள் கிருபாகரனும் ஜஸ்டினும் அந்தக் கொட்டகையில்தான் மோட்டார் சைக்கிள் பந்தய அணி ஒன்றை நடத்திவந்தனர். பெயர்ப்பலகையில் ‘மின்னல் வேக குழு’ என்றிருந்தது. ‘க்’ இல்லை, வேகமும் இல்லை. ஆறு மணி நேரப் பந்தயத்தில் முதலாண்டு சங்கிலி அறுந்தது. இரண்டாமாண்டு இன்ஜின் புகைந்தது.

“இந்தத் தடவ முடிச்சே தீருவோம், நைனா,” என்றாள் ரோஷினி.

“முடிக்கலன்னா கொட்டாய காலி பண்ணிடணும். துணி காயப்போட எடம் இல்லன்னு உங்கம்மா பொலம்பிகினு கீறா. புது டயர் வேற வாங்கிக் குடுத்துகீறேன். தேயத் தேய ஓட்டு!”

ஞாயிற்றுக்கிழமை. பூந்தமல்லிக்கு அப்பாலிருந்த பந்தயத் திடலில் பாதி நேரம் கடந்தபோது, ஜஸ்டின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வண்டியிலிருந்து இறங்கினான். ரோஷினி ஏறினாள்.

“உக்காந்து உக்காந்து இடுப்பே உட்டுப்போச்சு, மாமே!” என்றான் ஜஸ்டின்.

“பொறுத்துக்கடா,” என்றான் அணித்தலைவன் கிருபாகரன். மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்ப்பவன். எதையும் வரி வரியாகப் படிப்பவன்.

“அத்தினி பேரும் நம்மளத் தாண்டிப் போறானுங்க. ஒருத்தன் டாட்டா வேற காட்டிகினு போறான்!”

“காட்டட்டும். அவசரப்படுறவன்தான் விழுவான்.”

“பெட்ரோல் ஊத்தணுமா?”

“வேணாம், காலையில ஊத்தினதே இருக்கு. ரோஷினி, ரொம்ப முறுக்காத! சீரா வை!”

அவன் சொன்னபடியே மூன்று வண்டிகள் சறுக்கி விழுந்தன. நான்காவது, நடுவழியில் நின்றுபோனது. இறுதி மணி ஒலித்தபோதும் மின்னல் வேகத்தாரின் இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. நடுவர்கள் விதிமுறையைத் திருப்பித் திருப்பிப் படித்து, தமக்குள் நெடுநேரம் வாதாடி, வேறு வழியின்றிக் கேடயத்தை வழங்கினர்.

அன்று மாலை, ‘பந்தயத்தை நிறைவு செய்த அணி’ என்று பொறித்திருந்த கேடயத்தை மனோகரன் மார்போடு அணைத்துக்கொண்டார்.

“அடியே கஸ்தூரி! துணிய மொட்டமாடில காயப்போடு. கொட்டாய் இனிமே புள்ளைங்களுக்குத்தான்!”

பெருமிதத்தோடு குனிந்து, வண்டியின் பின்சக்கரத்தைத் தடவிப் பார்த்தார். கை சட்டென நின்றது. புது டயரில் துருத்தியிருக்கும் ரப்பர் முடிகள் விரலில் குத்தின.

“இன்னாம்மா இது? ஆறு மணி நேரம் ஓடின டயர்ல ஒரு முடிகூட உதிரல?”

ரோஷினி ஜஸ்டினைப் பார்த்தாள். ஜஸ்டின் கூரையைப் பார்த்தான். கிருபாகரன்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்வந்தான்.

“‘இறுதி மணி ஒலிக்கையில் ஓடிக்கொண்டிருக்கும் வண்டி, பந்தயத்தை முடித்ததாகக் கொள்ளப்படும்’னுதான் விதியில போட்டிருக்கு, அங்கிள். இன்ஜின் கடைசி வரைக்கும் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. நாங்க ஸ்டாண்டைத்தான் எடுக்கவே இல்ல!”