முன்னால் ஓடிய வரையாடு

மலை மலையாகத் தாண்டி நாள் முழுக்க ஓடவேண்டிய பந்தயம் அது. எப்படியாவது ஜெயித்துவிட வேண்டும் என்று சாமியைக் கும்பிட்டுவிட்டுத்தான் வரையாடு கிளம்பியது. பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில், வழி தெரிவதற்காக மரத்தில் கட்டியிருந்த சிவப்புத் துணியை அது நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பின்னால் ஓடிவந்த மிளா மானின் குளம்புச் சத்தம் அப்படித் துரத்தியது. கொஞ்ச தூரம் போனதும் அந்தச் சத்தம் நின்றுபோனது. விட்டது சனி என்று வரையாடு இன்னும் வேகமாக ஓடியது.

வெயில் சாயும் நேரம். உச்சிப் பாறையில் ஓர் ஓணான் உட்கார்ந்திருந்தது.

"தம்பி, என்னை முந்திக்கிட்டு யாராச்சும் போனாங்களா?" என்று வரையாடு மூச்சிரைக்கக் கேட்டது.

"ஒருத்தரும் போகலையே, அண்ணே."

வரையாட்டுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. "அப்ப நான்தான் முதல்!"

"முதல்தான். நான் பொறந்ததுலேர்ந்து இந்தப் பக்கம் யாரும் வந்ததே இல்லையே."

அப்போது எதிர்மலையிலிருந்து மேளச் சத்தமும் ஆரவாரமும் கேட்டன.

"ஜெயிச்சவங்களுக்குக் கொட்டுறாங்க போல. உங்களுக்கா, அண்ணே?"

வரையாடு எதிர்மலையைத் திரும்பிப் பார்த்தது. அங்கேயே கால்களை மடக்கி உட்கார்ந்தது. பிறகு, "இங்கே நீ தனியாவா இருக்கே, தம்பி?" என்று கேட்டது.

ஓணான் தலையை ஆட்டிவிட்டு, பாறையில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டது.