தண்ணீருக்குள் மெட்டி

கல்யாணத்துக்கு முந்தைய படங்களைக் கோவளம் கடலில், பாதி தண்ணீருக்கு மேலும் பாதி உள்ளேயும் தெரியும்படி சுலைமான் எடுத்திருந்தான். கரையான்சாவடி ஸ்டுடியோவில் இப்போது அவற்றைத் திருத்திக்கொண்டிருந்தான். கண் எரிந்தது. படத்தில் தண்ணீருக்கு மேலே மாப்பிள்ளை உதயகுமாரும் மணப்பெண் பானுப்பிரியாவும் சிரித்தார்கள். தண்ணீருக்குள் அவள் கால்விரலில் மெட்டி தெரிந்தது.

அலுப்போடு பானுப்பிரியாவுக்குப் போன் போட்டான். "மெட்டி போட்டுகினா வந்தம்மா?"

"இன்னாண்ணா, வெள்ளிக்கிழமதான கண்ணாலம்? அவரு கையால போட்டாத்தான மெட்டி?"

அழித்தான். அடுத்த படத்திலும் மெட்டி இருந்தது. அதையும் அழித்தான். வேலை முடிந்தால் போதும் என்று, கடைசியாக மிச்சமிருந்த, அன்று முதலில் எடுத்த படத்தைத் திறந்தான்.

மாப்பிள்ளையின் இரண்டு கைகளும் தண்ணீருக்கு மேலே, அவள் தோளில் இருந்தன. கீழே ஒரு கை அவள் பாதத்தைப் பிடித்து மெட்டி போட்டுக்கொண்டிருந்தது.